பெயர் பொறிக்கப்படாத பழைய அமெரிக்க வார்ப்பிரும்பு வாணலி: செய்தவரைக் கண்டறிவது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்காவில் வாழும் தமிழர்களில் பலர் வீட்டுவாசல் விற்பனைகளிலும் பழம்பொருள் கடைகளிலும் நீண்ட கைப்பிடி கொண்ட கனமான வார்ப்பிரும்பு வாணலிகளையும் தட்டையான கல்லையும் வாங்கி, தோசைக்கும் வறுவலுக்கும் பயன்படுத்தி வருகிறார்கள். அவற்றில் கிரிஸ்வோல்ட், வாக்னர் என்று வார்ப்பு நிறுவனங்களின் பெயர் தாங்கியவற்றைப் பற்றிக் குழப்பம் இல்லை. பெயரே இல்லாமல் ஓர் எண்ணோ ஓர் எழுத்தோ மட்டும் கொண்டிருப்பவற்றைப் பற்றித்தான் கேள்விகள் எழுகின்றன. இப்பக்கம் அத்தகைய அமெரிக்கப் பாத்திரங்களுக்கு, அதிலும் பெரும்பாலும் ஸ்கில்லெட் எனப்படும் வாணலிகளுக்கு உரியது.

இவ்வளவு நல்ல பாத்திரத்தைச் செய்தவர்கள் அதில் தங்கள் பெயரைப் போடாமல் விட்டது ஏன்?

பெரும்பாலும் வணிகக் காரணத்தால்தான். ஒரே பவுண்டரி, அதாவது இரும்பு வார்க்கும் ஆலை, தன் பெயர் பொறித்த உயர்விலைச் சரக்கையும் பெயரில்லாத மலிவுச் சரக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வார்த்தது. பெயரில்லாச் சரக்கு நகரத்து இரும்புக் கடைகளுக்கும் அஞ்சல்வழி விற்பனை நிறுவனங்களுக்கும் மொத்தமாகப் போனது. அங்கே அதற்கு வேறு பெயர் சூட்டினார்கள், அல்லது காகித லேபிள் ஒன்றை ஒட்டினார்கள். முதல் முறை அடுப்பில் ஏறியவுடன் அந்த லேபிள் போய்விட்டது. இன்று நம் கையில் இருப்பது லேபிள் இழந்த இரும்பு.

வேறு சிலவற்றில் பெயர் இல்லாததற்குக் காலமே காரணம். 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வாணலி என்பது அடுப்புடன் சேர்ந்து வரும் துணைப்பொருள். அடுப்பில்தான் பெயர் பளிச்சென்று இருந்தது; சட்டிக்குப் பெயர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

வாங்கி வந்த பாத்திரம் கரி பிடித்துக் கிடக்கிறது. அடையாளம் தேடும் முன் அதைச் சுத்தம் செய்ய வேண்டுமா?

கட்டாயம் செய்ய வேண்டும். பல ஆண்டுகளாக எண்ணெய் கருகி இறுகிய படிவம் அரை மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கும்போது, அதன் அடியில் ஒரு முழு நிறுவனப் பெயரே மறைந்திருக்கலாம். "பெயர் இல்லை" என்று முடிவு செய்யும் உரிமை வெறும் இரும்பைப் பார்த்த பின்னரே நமக்கு வருகிறது.

எண்ணெய்ப் படிவத்துக்குச் சிறந்தது காஸ்டிக் சோடா கரைசல். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நீரை ஊற்றி அதில் சோடாவை இட வேண்டும். சோடாவின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. அலுமினியப் பொருள் எதையும் அதில் போடக் கூடாது. சில நாட்கள் ஊறிய பின் கரி வழன்று வந்துவிடும். துருவுக்கு நீரும் வினிகரும் சம அளவில் கலந்த கலவை போதும், ஆனால் அது துருவைத் தின்று முடித்தவுடன் இரும்பையே தின்னத் தொடங்கும் என்பதால் அரை மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். நீரில் மின்சாரம் செலுத்தித் துருவை நீக்கும் மின்பகுப்பு முறையைப் பயன்படுத்துவோர் எதிர்ப்புறத் தகடாகச் சாதாரண இரும்பை மட்டுமே வைக்க வேண்டும். எவர்சில்வர் தகடு வைத்தால் நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மம் நீரில் கலக்கும்.

நெருப்பில் போட்டு எரிப்பதும், கிரைண்டரில் தேய்ப்பதும் வேண்டாம். நெருப்பு இரும்பை வளைத்து, பின்னர் எண்ணெய் ஒட்டாத செந்நிறத் திட்டுகளை விட்டுச் செல்லும். கிரைண்டர் நாம் தேடும் தடயத்தையே அழித்துவிடும். சுத்தமான அடிப்பக்கத்தில் ஒரு மெல்லிய வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் சாய்வாக உரசினால், கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளும் தாளில் எழும். இருட்டறையில் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பார்ப்பதும் அதே அளவு பலன் தரும்.

அடிப்பக்கத்தின் நடுவே வெட்டுக்காயம் ஆறியதைப் போல நீளமான ஒரு தழும்பு உள்ளது. அது விரிசலா?

விரிசல் அன்று, அது கேட் தழும்பு. மணல் அச்சுக்குள் உருகிய இரும்பு நுழைந்த வாயில் அங்கேதான் இருந்தது. இரும்பு இறுகிய பின், வாயிலில் உறைந்து நின்ற துண்டை உடைத்து எடுத்தார்கள்; உடைந்த இடத்தில் கோடு போன்ற மேடு எஞ்சியது. விரலால் தடவினால் அது அடிப்பரப்பை விடச் சற்று உயர்ந்து நிற்பது தெரியும். விரிசல் என்றால் பள்ளமாக இருக்கும், உட்பக்கத்திலும் தொடரும்.

இந்தத் தழும்பு காலத்தைக் காட்டும் சான்றுகளில் மிக வலுவானது. வாணலியை அடிப்பக்கம் வழியாக நிரப்பும் வழக்கம் ஏறத்தாழ 1890-ஐ ஒட்டிப் பெரிய பவுண்டரிகளில் மறைந்து, விளிம்பு வழியாக நிரப்பி அந்த இடத்தைத் தேய்த்துச் சமன் செய்யும் முறை வந்தது. அதற்கும் முந்தைய காலப் பாத்திரங்களில் கோட்டுக்குப் பதிலாக வட்டமான தழும்பு இருக்கும். ஆனால் சிறு பவுண்டரிகள் பழைய முறையை உடனே கைவிட்டுவிடவில்லை; ஆகவே 1890 என்பதை உத்தேச எல்லையாகக் கொள்வதே நல்லது.

பெயரும் இல்லாமல் கேட் தழும்பும் இருந்தால், செய்தவர் யார் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைக்காது. அக்காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் ட்ராய், ஆல்பனி போன்ற அடுப்புத் தொழில் நகரங்கள் தொடங்கி எண்ணற்ற ஊர்களில் பவுண்டரிகள் இருந்தன. எல்லோரும் ஏறக்குறைய ஒரே வடிவில் வார்த்தார்கள். "19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க வார்ப்பு, செய்தவர் தெரியவில்லை" என்று எழுதி வைப்பது நேர்மையான முழு விடைதான். விற்பவர்கள் மட்டும் அதை ஏற்க மறுப்பார்கள்.

கைப்பிடியில் 8 என்று உள்ளது. அளந்து பார்த்தால் 8 அங்குலம் வரவில்லையே?

வராது. அந்த எண் விறகு அல்லது நிலக்கரி அடுப்பின் மேல்தட்டில் உள்ள வட்டத் துளையின் அளவு எண். 8-ஆம் எண் வாணலி மேல்விளிம்பில் ஏறத்தாழ 10.5 அங்குலம் இருக்கும். 3-ஆம் எண் சுமார் 6.5 அங்குலம். நிறுவனத்துக்கு நிறுவனம் கால் அங்குலம் வரை வேறுபடும், அந்த வேறுபாடே சில வேளைகளில் துப்பாகிறது.

அடியில் வளையம் போன்ற மேடு சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. அதிலிருந்து என்ன அறியலாம்?

அது வெப்ப வளையம். அடுப்புத் துளையின் மேல் வாணலி பொருந்தி உட்காருவதற்காக அமைத்தது. எரிவாயு, மின் அடுப்புகள் பரவிய பிறகு அதற்குத் தேவை குறைந்தது. 1930-கள், 40-களிலிருந்து பெரிய நிறுவனங்கள் சமதளமான அடிக்கு மாறின. ஆனால் தென் மாநிலங்களின் நிறுவனங்கள் வளையத்தைக் கடைசி வரை விடவில்லை. எனவே வளையம் இருப்பதால் மட்டும் பாத்திரம் மிகப் பழையது ஆகிவிடாது. இணையத்தில் பலர் சறுக்கும் இடம் இதுதான்.

ஆண்டைக் காட்டுவதை விட ஆளைக் காட்டுவதில்தான் வளையம் பயன்படுகிறது. வளையம் தொடர்ச்சியாக உள்ளதா, இடையில் வெட்டு உள்ளதா, வெட்டு எத்தனை, அடிப்பரப்பின் ஓரத்திலேயே உள்ளதா அல்லது உள்ளே தள்ளி உள்ளதா என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வளையத்தில் மூன்று இடங்களில் வெட்டு உள்ளது.

அது பெரும்பாலும் லாட்ஜ். கைப்பிடியை மேல்நோக்கி வைத்துக் கடிகார முகமாக எண்ணிக்கொண்டால், 12, 3, 9 ஆகிய மணி நிலைகளில் வெட்டுகள் இருக்கும். டென்னசி மாநிலத்தின் சவுத் பிட்ஸ்பர்க் ஊரில் ஜோசப் லாட்ஜ் 1896-இல் தொடங்கிய பவுண்டரிக்கு முதலில் பிளாக்லாக் என்று பெயர். 1910-இல் அது தீக்கிரையானதும், சற்றுத் தள்ளி லாட்ஜ் என்ற பெயரில் மீண்டும் எழுந்தது. இன்றும் அதே ஊரில் இயங்குகிறது.

மூன்று வெட்டு வளையம் பிற்காலத்தது. அதற்கு முன் ஒரே வெட்டு கொண்டவை, அதற்கும் முன் வெட்டே இல்லாதவை. இந்தப் பழைய லாட்ஜ் வாணலிகளில் எண் கைப்பிடியின் மேற்புறத்தில் புடைப்பாக இருக்கும்; அடியில் தனியாக ஒரு புடைப்பு எழுத்து, சற்றுக் கோணலாகவும் கையால் வெட்டிய பாங்கிலும் நிற்கும். 1960-களின் நடுவில் லாட்ஜ் தானியங்கி முறை மணல் அச்சுக்கு மாறிய பின் பரப்பு சொரசொரப்பானது. "எஸ்.கே." என்ற இரு எழுத்துகள் எண்ணுடன் சேர்ந்து வந்தால் அது இன்னும் அண்மைக்கால லாட்ஜ். கடையிலேயே எண்ணெய் பதம் ஏற்றி விற்கும் வழக்கத்தை அந்நிறுவனம் 2002-இல் தொடங்கியது.

வெட்டே இல்லாத வளையம், எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து, நிறுவனப் பெயர் இல்லை. இது யாருடையது?

அலபாமாவின் பர்மிங்காம் ஸ்டவ் அண்ட் ரேஞ்ச் நிறுவனத்தை முதலில் நினைக்க வேண்டும். தென் மாநிலங்களில் பெயரில்லாமல் கிடைக்கும் வாணலிகளில் இவர்களுடைய சரக்கு மிக அதிகம். சேகரிப்போர் இதை இரண்டு வரிசைகளாகப் பிரிக்கிறார்கள்: முந்தையது ரெட் மவுண்டன், பிந்தையது சென்சுரி.

ரெட் மவுண்டன் வாணலியை எடுத்துக் கைப்பிடியின் அடிப்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். நடுவே ஓடும் முதுகெலும்பு போன்ற மேடு, வாணலியின் சுவர் வரை நழுவிச் சென்று அதனுடனே கலந்துவிடும். வேறு பல நிறுவனங்களின் கைப்பிடியில் அது சுவரைத் தொடுவதற்கு முன்பே தேய்ந்து நின்றுவிடும். வெப்ப வளையமும் ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி அமைந்திருக்கும். எண்ணும் எழுத்தும் பள்ளமாகப் பதிந்திருக்கும். பழைய லாட்ஜில் எழுத்து புடைப்பாக இருப்பதை நினைவில் வைத்தால் இவ்விரண்டையும் மயங்க வேண்டியதில்லை.

சென்சுரி வரிசையில் அளவு அங்குலக் கணக்கில் பின்னத்துடன் வரும். 8-ஆம் எண் என்றால் 10 5/8 அங்குலம் என்று பொறித்திருக்கும். இந்தப் பின்னம் ஒன்றே நல்ல துப்பு.

"10 1/2 இன்ச் ஸ்கில்லெட்", "மேட் இன் யு.எஸ்.ஏ." என்ற இரண்டு வரிகள் மட்டும் உள்ளன.

பெரும்பாலும் வாக்னர் பவுண்டரியின் பிற்கால வார்ப்பு. ஓஹியோ மாநிலத்தின் சிட்னி நகரில் 1891-இல் வாக்னர் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம் இது. 1950-களில் குடும்பத்தின் கையைவிட்டுப் போய், பல முதலாளிகளிடம் மாறி, சிட்னி பவுண்டரி 1999-இல் மூடப்பட்டது. பெயர் போடாத இந்த வாணலிகளை அந்தப் பிற்காலத்தில்தான் ஏராளமாக வார்த்தார்கள். "மேட் இன் யு.எஸ்.ஏ." என்ற வரியும் பொதுவாக 1960-களுக்குப் பிந்தைய அமெரிக்கப் பாத்திரங்களில்தான் காணப்படுகிறது. "நூறு வயது" என்று சொல்லி இவ்வரியுள்ள வாணலியை விற்பவரிடம் பேரம் பேசுவது வீண்.

எழுத்துகளின் இடைவெளியும் வடிவமும் இங்கே உதவும். பர்மிங்காமின் அளவும் வாக்னரின் அளவும் எட்டில் ஒரு பங்கு அங்குலம் வேறுபடுவதை மேலே கண்டோம்; பொறித்திருக்கும் அளவை முதலில் படியுங்கள், பிறகு கைப்பிடியைப் பாருங்கள்.

கிரிஸ்வோல்ட் பெயர் போடாமல் வார்த்தது உண்டா?

உண்டு. பென்சில்வேனியாவின் ஈரி நகரில் 1865-இல் தொடங்கிய இந்நிறுவனம், சிலுவைக் குறியை இரட்டை வட்டத்துக்குள் வைத்த தன் முத்திரைக்குப் பெயர் பெற்றது. 1940-களில் மலிவு விலைச் சந்தைக்காக அயன் மவுண்டன் என்ற வரிசையை வெளியிட்டது. அந்தப் பெயரும் பாத்திரத்தில் இராது, கிரிஸ்வோல்ட் என்றும் இராது. இருப்பவை இரண்டே: அளவு எண், அதனுடன் நான்கு இலக்க பேட்டர்ன் எண் (பேட்டர்ன் என்பது மணலில் பதித்து அச்சு எடுக்கும் மாதிரி வடிவம்). இதன் கைப்பிடி, முத்திரையுள்ள கிரிஸ்வோல்டின் கைப்பிடியிலிருந்து மாறுபட்டது, ஆயினும் வார்ப்பின் நயமும் உட்புற மழமழப்பும் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முத்திரையுள்ள கிரிஸ்வோல்டின் பேட்டர்ன் எண்கள் பெரும்பாலும் மூன்று இலக்கம். 8-ஆம் எண் வாணலிக்கு 704. வாக்னரின் பட்டியல் எண்கள் நான்கு இலக்கம். அவர்களுடைய 8-ஆம் எண் வாணலிக்கு 1058, அதன்பின் ஓர் எழுத்து. ஆகவே நான்கு இலக்கம் கண்டவுடன் அயன் மவுண்டன் என்று குதிக்க வேண்டாம், எண்ணைச் சரிபார்க்க வேண்டும்.

கிரிஸ்வோல்டின் ஈரி ஆலை 1957-இல் மூடப்பட்டது. பெயரும் முத்திரையும் வாக்னரிடம் சென்றன. அதன்பிறகு சிட்னியில் வார்த்த வாணலிகளிலும் கிரிஸ்வோல்ட் என்ற பெயர் வந்தது. பெயர் இருப்பதும் ஆலையைச் சொல்லிவிடாது என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் கிடையாது.

எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள தனி எழுத்து நிறுவனத்தின் முதல் எழுத்தா?

இல்லை. 'எல்' என்றால் லாட்ஜ், 'ஜி' என்றால் கிரிஸ்வோல்ட் என்று வாசிப்பது பரவலான பிழை. ஒரே அளவு வாணலிக்கு ஒரு பவுண்டரியில் பல பேட்டர்ன்கள் ஒரே வேளையில் வேலையில் இருந்தன. எந்த வார்ப்பு எந்தப் பேட்டர்னிலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் பழுதான பேட்டர்னைப் பிடிக்கவும், துண்டுக்கணக்கில் கூலி பெறும் தொழிலாளியின் வேலையைக் கணக்கிடவும் முடியும். அதற்காக வைத்த அடையாளமே அந்த எழுத்து. அது எந்த இடத்தில் உள்ளது, புடைப்பா பள்ளமா, அச்செழுத்துப் போல ஒழுங்காக உள்ளதா கையால் செய்ததா என்பவை நிறுவனத்தைக் காட்டும். எழுத்து எது என்பது பெரும்பாலும் காட்டாது.

வேறு எந்த நிறுவனங்களை நினைவில் வைக்க வேண்டும்?

விஸ்கான்சின் மாநிலத்தின் ஷெபாய்கன் நகரைச் சேர்ந்த வோல்ராத் நிறுவனத்தின் பெயரில்லா வாணலிகளில் அளவு எண்ணுக்குக் கீழே ஒரு கோடு இட்டிருக்கும். ஓஹியோவின் பிக்வா நகரில் 1935 வரை இயங்கிய ஃபேவரிட் நிறுவனத்தின் வார்ப்பு மெலிதாகவும் நேர்த்தியாகவும் இருக்கும். அஞ்சல்வழி நிறுவனங்களுக்காக வேறு பெயரில் வார்த்தவையும் உண்டு: சியர்ஸ் விற்ற ப்யூரிட்டன் வகையில் கிரிஸ்வோல்டின் கைவேலையும், மான்ட்கோமரி வார்டு விற்ற வார்டுவே வகையில் வாக்னரின் கைவேலையும் உள்ளன. இவற்றில் பெயர் இருப்பதால் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இவை மிகவும் பயன்படும்.

அடியில் ஒரு பெயர் மங்கலாக, பாதி தேய்ந்ததைப் போலத் தெரிகிறது. அதன்மேல் வேறொரு பெயரும் உள்ளது. எது உண்மை?

இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும். பேட்டர்ன் செய்வது செலவு மிகுந்த வேலை. சில சிறு பவுண்டரிகள் அதைத் தவிர்க்க, சந்தையில் விற்கும் இன்னொருவரின் வாணலியை வாங்கி, அதன் பெயரைத் தேய்த்துவிட்டு, அதையே பேட்டர்னாக மணலில் பதித்தன. தேய்த்தது முழுமையாக இல்லையென்றால் பழைய பெயரின் நிழல் ஒவ்வொரு வார்ப்பிலும் தொடர்ந்து வரும். சேகரிப்போர் இதைப் பேய்க்குறி என்கிறார்கள். ஓஹியோவின் வாபாகொனெட்டா ஊரில் 1903 முதல் 1926 வரை இயங்கிய வாபாக் நிறுவனத்தின் வாணலிகளில் கிரிஸ்வோல்டின் ஊர்ப் பெயரான ஈரி என்ற எழுத்தின் நிழல் தெரிவது பலரும் அறிந்த செய்தி. அத்தகையதை வார்த்தவர் வாபாக். வடிவத்துக்குச் சொந்தக்காரர் கிரிஸ்வோல்ட்.

இதே வழியில்தான் போலிகளும் பிறக்கின்றன. அவற்றைப் பிடிக்க இரும்பின் இயல்பே உதவுகிறது. உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது ஓர் அடி நீளத்துக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று, சுருங்கும். அசல் பேட்டர்னைச் செய்பவர் அந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டுப் பெரிதாகச் செய்கிறார்; முடிந்த வாணலியையே பேட்டர்னாக எடுப்பவருக்கு அந்தக் கணக்கு இல்லை. எனவே 10.5 அங்குல அசலிலிருந்து நகல் எடுத்தால் அது கிட்டத்தட்ட 2.8 மில்லிமீட்டர் சிறிதாகிறது. வெர்னியர் அளவியை வைத்து மேல்விளிம்பின் குறுக்களவை எடுத்து, அதே பேட்டர்ன் எண் கொண்ட நம்பகமான வாணலியுடன் ஒப்பிட்டால் போதும். நகலில் எழுத்துகளின் விளிம்பு கரைந்து, மணல் துகள்கள் குத்திய பரப்பு தெரியும். உட்புறத்தில் அரைத்த கோடுகளும் தாறுமாறாக இருக்கும்.

உட்புறம் கண்ணாடி போல வழுவழுப்பாக உள்ளது. அப்படியானால் பழையதுதானே?

பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம், உறுதி இல்லை. முற்கால நிறுவனங்கள் உட்புறத்தைக் கடைந்தோ அரைத்தோ மெருகேற்றின, ஒளியில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். ஆனால் புது வாணலியின் சொரசொரப்பை வீட்டிலேயே மணல்தாளால் தேய்த்து மெருகேற்றுபவர்கள் இப்போது பலர். அவர்கள் உட்புறத்தை மட்டும் தேய்ப்பார்கள். கைப்பிடியின் அடிப்புறமும் வெளிச்சுவரும் புதிய மணல் பரப்பாகவே இருக்கும். ஐயம் வந்தால் யாரும் தேய்க்க விரும்பாத அந்த மூலைகளைத்தான் பார்க்க வேண்டும்.

எடையும் ஓரளவு உதவும். பழைய 8-ஆம் எண் கிரிஸ்வோல்ட் வாணலி 4 பவுண்டைச் சற்றுத் தாண்டும். ஏறக்குறைய அதே அகலமுள்ள இன்றைய லாட்ஜ் 5 பவுண்டுக்கு மேல்.

பெயரும் இல்லை, ஊரும் இல்லை, உருவமும் மேற்சொன்ன எதனுடனும் பொருந்தவில்லை.

ஆசிய இறக்குமதியாக இருக்கலாம். தைவான், கொரியா முதலிய நாடுகளிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலிவு வாணலிகள் பெருமளவில் அமெரிக்காவுக்கு வந்தன. நாட்டுப் பெயரைக் காட்ட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். சிலவற்றில் அதை வார்த்தார்கள், சிலவற்றில் ஒட்டுத்தாள் மட்டுமே. ஒட்டுத்தாள் போனபின் அவை "பெயர் அறியா அமெரிக்கப் பழம்பொருள்" ஆகிவிடுகின்றன. தடித்த சுவர், சாம்பல் நிறச் சொரசொரப்பு, தேய்த்துச் சீராக்காத விளிம்பு, கைப்பிடியில் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த பொருத்துக்கோடு பிசிறாக நிற்பது ஆகியவை சேர்ந்து வந்தால் இந்தப் பக்கம் யோசிக்க வேண்டும்.

இத்தனை குறிகளில் எதை நம்பி முடிவு செய்வது?

தனித்து எதையும் நம்ப வேண்டாம். மணலில் வார்த்த பொருளில் வளையமோ எண்ணோ எழுத்தோ தற்செயலாகவும் ஒத்துப்போகும். பெயர் பொறித்த உடன்பிறப்பைத் தேடுவதே உறுதியான வழி. அயன் மவுண்டன் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, மலிவுச் சரக்குக்காகத் தனி வாணலியை வடிவமைக்க எந்த பவுண்டரியும் விரும்பாது. இருக்கும் பேட்டர்னிலிருந்து பெயரை மட்டும் நீக்கிவிட்டு வார்க்கும். ஆகவே கைப்பிடியின் நீளம், தொங்கவிடும் துளையின் வடிவம், கைப்பிடி சுவரைச் சேரும் இடத்தின் வளைவு, எண்ணெய் ஊற்றும் மூக்கின் அகலம், எண்களின் எழுத்துரு ஆகியவை பெயருள்ள ஒரு வாணலியுடன் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். இவற்றில் நான் அதிகம் மதிப்பது தொங்கவிடும் துளையை. நீர்த்துளி வடிவத்தின் கூர்மை, அதைச் சுற்றிய விளிம்பு மேடு உள்ளதா இல்லையா என்பவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், நகலெடுப்பவர் அங்கே கவனம் செலுத்துவதும் குறைவு.

எண்களிலும் இதே கவனம் வேண்டும். 3 என்ற எண்ணின் மேற்பகுதி தட்டையா வளைவா, 8-இன் இரு வளையங்களும் சமமா மேல் வளையம் சிறியதா என்று பாருங்கள்.

பழைய வாணலியில் சமைப்பது பாதுகாப்பானதா?

வார்ப்பிரும்பால் தீங்கில்லை, அதில் முன்பு என்ன செய்தார்கள் என்பதே கவலை. துப்பாக்கிக் குண்டு, மீன்பிடி எடை, குழாய் இணைப்பு ஆகியவற்றுக்காக ஈயத்தை உருக்கப் பலர் பழைய வார்ப்பிரும்புச் சட்டிகளைப் பயன்படுத்தினார்கள். சிறிய ஆழமான சட்டிகளிலும் கரண்டிகளிலும் இந்த ஐயம் அதிகம். உட்புறத்தில் வெள்ளி போன்ற சாம்பல் படலமோ துளிகளோ தெரிந்தால் அது சமையலுக்கு வேண்டாம்; எவ்வளவு தேய்த்தாலும் ஈயம் முழுமையாக நீங்கியது என்று சொல்ல முடியாது.

விரிசல் உள்ளதா என்று அறிய, கைப்பிடித் துளையில் விரலிட்டுத் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டுங்கள். மணி போல ஒலித்தால் நலம். மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். கண்ணாடி மேசையில் வைத்துச் சுழற்றினால் அடி வளைந்துள்ளதா என்பதும் தெரியும்.

பெயர் தெரியாவிட்டால் மதிப்புக் குறையுமா?

விலை குறையும், சமையல் குறையாது. சேகரிப்போர் பணம் கொடுப்பது முத்திரைக்கு. ஒரே பவுண்டரி, ஒரே இரும்பு, ஒரே பேட்டர்ன் என்றாலும் பெயருள்ளதும் இல்லாததும் சந்தையில் வெகு தூரத்தில் நிற்கின்றன. தோசை சுடுவதற்காக வாங்குபவருக்கு இது நன்மையே: பெயரில்லாத ரெட் மவுண்டனையோ அயன் மவுண்டனையோ இனம் காணத் தெரிந்தவர் நல்ல இரும்பை மலிவாக எடுத்துக்கொள்ளலாம்.

பிறரிடம் படம் அனுப்பிக் கேட்கும்போது எவற்றைக் காட்ட வேண்டும்?

முழு அடிப்பக்கம், கைப்பிடியின் மேற்புறமும் அடிப்புறமும், தொங்கவிடும் துளை அருகிலிருந்து, கைப்பிடி சுவரைச் சேரும் இடம், ஒரு மூக்கு, உட்புறம். ஒவ்வொரு படத்தையும் பக்கவாட்டு ஒளியில் எடுக்க வேண்டும்; பிளாஷ் வெளிச்சம் நேராக அடித்தால் மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். மேல்விளிம்பின் குறுக்களவையும் அடியின் குறுக்களவையும் மூக்குகளைத் தவிர்த்து அளந்து எழுதுங்கள், எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாக்னர் அண்ட் கிரிஸ்வோல்ட் சொசைட்டி போன்ற சேகரிப்போர் அமைப்புகளில் அனுபவமுள்ளவர்கள் உண்டு. அவர்கள் "இது பர்மிங்காமாக இருக்கலாம்" என்று சொன்னால் எந்தக் குறியைக் கொண்டு அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு, அந்தக் குறியை உங்கள் வாணலியிலேயே விரல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கரி போகாத பாத்திரத்தின் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். அதைப் பார்த்து எவராலும் எதுவும் சொல்ல இயலாது.